அம்மன் ஏறிய ஒல்லாந்துக் கப்பல்

லண்டன் பிளேஸ்டோவில் குகதாசன் வீடு எது என்று கேட்டால், எந்தக் குகதாசன் என்று திருப்பிக் கேட்பார்கள். கப்பல் குகதாசன் என்றால் உடனே கையைக் காட்டிவிடுவார்கள். கூடவே, அவசர அலுவல் ஒன்றும் இல்லைத்தானே என்றும் விசாரிப்பார்கள். அந்த விசாரிப்பு நியாயமானதுதான். அந்த வீட்டுக்கு ஒரு தேத்தண்ணி குடிக்கப் போன எவரும் ஒரு போர்க்கப்பலின் பிறப்பு முதல் இறப்பு வரை கேட்காமல் வெளியே வந்ததில்லை.

இத்தனைக்கும் மனிதர் கப்பலில் வேலை செய்தவர் இல்லை. ஊரில் நயினாதீவு லோஞ்சில் ஏறினாலே கரை சேரும்வரை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இருப்பவர். நீந்தத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் காணிக் கந்தோர் ஒன்றில் கிளாக்கராக இருந்தார். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்கு அடுத்த வருஷம் லண்டன் வந்து, ஆற்றோரம் புதிதாக எழும்பிய ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் செக்யூரிட்டி வேலையில் சேர்ந்தார். அந்த வேலையில் ஒரு கதிரையும் நிறைய நேரமும் கிடைக்கும். நேரம் மிஞ்சிக் கிடக்கும் மனிதனுக்கு ஏதாவது ஒரு பைத்தியம் பிடிக்காமல் இராது. சிலருக்கு அரசியல் பிடித்தது, சிலருக்கு லொத்தர் பிடித்தது, குகதாசனுக்குக் கப்பல் பிடித்தது.

பிடித்த விதம் இது. ஊரில் தகப்பனார் காலமாகி, அவருடைய படம் ஒன்று தபாலில் வந்தது. அதற்குப் பொருத்தமாக ஒரு சட்டம் வாங்கிவரச் சொல்லி மனைவி கனகாம்பிகை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பழைய சாமான் விற்கும் கார் பூட் சேலுக்கு அனுப்பினாள். நல்ல கறுத்த மரச் சட்டம் ஒன்று அகப்பட்டது. உள்ளே ஏதோ ஒரு கப்பலின் வரைபடம் இருந்தது. வீட்டுக்கு வந்து அதைக் குசினி மேசையில் கவிழ்த்து வைத்து, பின்புறத்து ஆணிகளைக் கழற்றுவதற்கு முன் ஒருமுறை திருப்பிப் பார்த்தார். அதோடு சரி. கப்பல் சட்டத்துக்குள்ளேயே இருந்துவிட்டது. தகப்பனார் செலோடேப்பால் சுவரில் ஒட்டப்பட்டார். மாமாவுக்கு இதுவா மரியாதை என்று கனகாம்பிகை கேட்டதற்கு, அப்பு வெய்யிலிலும் மழையிலும் நின்று பழகியவர், அவருக்குக் கண்ணாடி தேவையில்லை என்று பதில் வந்தது.

வரைபடம் மூன்று விதமாக இருந்தது. பக்கத்தால் பார்த்தால் எப்படி, மேலால் பார்த்தால் எப்படி, மீன்கடையில் விளைமீனை வெட்டுவதுபோல் நடுவால் வெட்டிப் பார்த்தால் எப்படி என்று. கீழே எழுதியிருந்தது இங்கிலிஷ் இல்லை. லைப்ரரியில் கொண்டுபோய்க் காட்டினார். இது டச்சு என்றாள் அங்கிருந்த பெண். குகதாசன் வரைபடத்தை இன்னும் கிட்டப் பிடித்துப் பார்த்தார். டச்சு என்றால் ஒல்லாந்தர். ஒல்லாந்தர் என்றால் யாழ்ப்பாணக் கோட்டையைத் திருத்திப் பெரிதாகக் கட்டியவர்கள், தேசவழமைச் சட்டத்தைத் தொகுத்து எழுதி வைத்தவர்கள். அந்தச் சட்டப்படி அண்ணன் தம்பி காணி பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்துதான் அவர் அத்தனை வருஷமும் சம்பளம் வாங்கினார். பிறத்தியார் தேசத்தில் தெரிந்த முகம் ஒன்றைக் கண்டதுபோல் இருந்தது அவருக்கு.

கப்பலின் பெயர் 'பிரின்செஸ் மாக்டலேனா'. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுகளில் கட்டிய கரையோரக் காவல் கப்பல். லைப்ரரியின் தடித்த புத்தகம் ஒன்றில் அவளைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. அந்த ஒன்றரைப் பக்கத்தைக் குகதாசன் ஏழு வருஷம் சொன்னார்.

ஒல்லாந்தின் கரை முழுக்க மணல் திட்டு, ஆழம் இல்லாத கடல். பெரிய கப்பல் கட்டினால் தரை தட்டிவிடும். ஆகவே ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டினார்கள். அடி தட்டை. தளம் தண்ணீருக்குச் சற்றுத்தான் மேலே. எதிரி தூரத்தில் நின்று பார்த்தால் சுடுவதற்கு அதிகம் ஒன்றும் தெரியாது. முன்னால் உருண்டைக் கோபுரத்துக்குள் பெரிய பீரங்கி, பின்னால் இன்னொன்று, இடுப்பைச் சுற்றி இரும்புக் கவசம், எதிரிக் கப்பலை இடித்துப் பிளப்பதற்கு மூக்கின் அடியில் ஒரு முட்டுக்கொம்பு. இவ்வளவு பாரத்தையும் சுமந்துகொண்டு ஆழமில்லாத தண்ணீரில் மிதப்பதுதான் மாக்டலேனாவின் கெட்டித்தனம்.

அந்தக் கெட்டித்தனத்திலும் ஒரு கோளாறு இருந்தது. கட்டி முடிப்பதற்குள் ஆளுக்கொன்று கேட்டார்கள். ஒரு அட்மிரலுக்குக் கூடுதலாக நாலு சிறு பீரங்கி வேண்டும். இன்னொரு அட்மிரலுக்குக் குளிக்கும் அறை வேண்டும். மந்திரிக்கு விருந்து மண்டபம் இல்லாமல் முடியாது. வரைந்த மனிதர் ஒருவருக்கும் மாட்டேன் என்று சொல்லவில்லை. தண்ணீரில் இறக்கியபோது கவசத்தில் பாதி கடலுக்குள் போய்விட்டது. அதன் பிறகு அந்தக் கவசத்தால் பாதுகாப்பு மீன்களுக்குத்தான் என்று சொல்லிக் குகதாசன் தானே சிரிப்பார்.

சேவைக் காலத்தைப் பற்றி அவருக்குத் தனிப் பெருமை. கால் நூற்றாண்டுக்கு மேல் கடற்படையில் இருந்த மாக்டலேனா ஒரு சண்டையிலும் கலந்துகொள்ளவில்லை. ராணியின் பிறந்தநாளுக்கு வெடி விட்டாள். வேற்று ராஜாக்கள் வந்தால் வழியில் போய் எதிர்கொண்டாள். அலை கொஞ்சம் எழுந்தாலே முன்தளம் நனைந்துபோகும் என்பதால் தூரப் பயணம் அனுப்ப யோசித்தார்கள். முதலாம் உலகப் போரில் ஒல்லாந்து நடுநிலை. ஆற்று வாயில் நங்கூரம் போட்டு, வராத எதிரிக்காகப் போர் முடியும்வரை காத்து நின்றாள். பிறகு மாலுமிகள் தங்கும் விடுதியானாள், கடைசியில் பழைய இரும்பாகப் போனாள். கேட்டுக்கொண்டிருக்கும் விருந்தாளி மரியாதைக்கு, எத்தனை கப்பலைக் கடலில் தாட்டது என்பார். ஒன்றும் இல்லை என்பார் குகதாசன். ஒரு சீவனையும் கொல்லாமல் பென்சன் எடுத்த போர்க்கப்பல் உலகத்தில் வேறு எது என்று கேட்பார். விருந்தாளி எழும்பிச் சப்பாத்தைத் தேடுவார்.

கனகாம்பிகை ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தாள். வாயில் சரஸ்வதி குடியிருந்தாள், ஆனால் கப்பல் விஷயத்தில் மட்டும் அவளுக்குக் காது இல்லை. மாக்டலேனா என்ற பெயர் எழும்பியதும் மிக்ஸியைப் போட்டுவிடுவாள். அரைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் போடுவாள். உந்த இரும்புச் சனியன் என்பதுதான் அவள் வைத்த பெயர். ஒருமுறை வெம்பிளியில் இருந்து வந்த சொந்தக்காரி ஒருத்தி, மாக்டலேனாவை நினைத்தால் நித்திரை வருவதில்லை என்று குகதாசன் யாருக்கோ டெலிபோனில் சொல்வதைக் கேட்டுவிட்டு, கனகாம்பிகையைக் குசினிக்குள் கூட்டிப்போய்க் கட்டிப்பிடித்து அழுதாள். அவளுக்கு விளக்கம் சொல்லி அனுப்ப அரை நாள் ஆயிற்று.

பகிடி எல்லாம் குகதாசனுக்கு விளங்காமல் இல்லை. கதையைத் தொடங்கியதும் ஆட்கள் மணிக்கூட்டைப் பார்ப்பதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. தன் தலைக்குள் கிடக்கும் இந்த ஒன்று, சாவதற்குள் ஒருமுறையாவது யாருக்காவது பயன்பட வேண்டும். லண்டன் மாநகரில் ஒல்லாந்துக் கரையோரக் கப்பல் யாருக்குத் தேவைப்படப் போகிறது என்று யோசித்து அவரே மனம் சோர்ந்துபோவார்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு அம்பாளுக்கே அது தேவைப்பட்டது.

ஒரு பழைய கம்பளக் கிடங்கை வாங்கி அம்மன் கோயிலாக்கி இருந்தார்கள். பரிபாலன சபைத் தலைவர் டாக்டர் ஜம்புநாதன். கும்பகோணத்துக்காரர், ஊரெல்லாம் தெரிந்த குடும்ப வைத்தியர். நன்கொடை கேட்டால் முதலில் கை நீட்டுபவர் என்பதால் யாழ்ப்பாணத்தார் கோயிலுக்கு அவர் தலைவராக இருப்பதில் ஒருவருக்கும் ஆட்சேபம் இல்லை. அந்த வருஷத் திருவிழாக் கூட்டத்தில் அவர் எழுந்து, தெப்போற்சவம் இல்லாமல் என்ன திருவிழா என்று கேட்டார். கும்பகோணத்தில் குளத்தில் தெப்பம் வருவதை அவர் விவரித்ததைக் கேட்டு எல்லாரும் உருகிப்போய்க் கையை உயர்த்தினார்கள். குளம் எங்கே என்ற கேள்வி கையை இறக்கிய பிறகுதான் வந்தது.

நீச்சல் குளம் ஒன்றைக் கேட்டுப் பார்த்தார்கள். எண்ணெய் விளக்கு, பூ, தேங்காய் எல்லாம் வரும் என்று உண்மையைச் சொன்னதால் கிடைக்கவில்லை. கோயிலுக்குப் பின்னால் இருந்த கார் பார்க்கில் பலகை அடித்து, நீலத் தார்ப்பாய் விரித்துத் தாங்களே குளம் கட்டுவது என்று முடிவாயிற்று. அனுமதி தந்த அதிகாரி, பிள்ளைகள் வரும் இடம், தண்ணீர் இரண்டு அடிக்கு மேல் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரண்டு அடித் தண்ணீரில் எது மிதக்கும்? காற்றடிக்கும் ரப்பர்ப் படகு இரண்டை வாங்கி, மேலே பலகை போட்டு, அம்மனுக்குப் பதிலாக அரிசி மூட்டைகளை வைத்துப் பார்த்தார்கள். பலகை ஒரு பக்கம் சரிந்தது, அரிசி குளத்துக்குள் போனது. அன்றும் மறுநாளும் கோயிலில் எல்லாருக்கும் சர்க்கரைப் பொங்கல் கிடைத்தது.

அந்தப் படகுகளைத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவன் கிறிஸ்துராஜா. வேதக்காரன், பிளேஸ்டோவில் சின்னதாகக் கராஜ் வைத்திருந்தவன், குகதாசனின் பக்கத்து வீடு. டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவன்தான் வாயைத் திறந்தான்.

"டொக்டர், உந்தக் கப்பல் கதை கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. ஆனா ஆழமில்லாத தண்ணியிலை பாரம் ஏத்திறதைப் பற்றி லண்டனிலை ஒரு மனிசனுக்குத் தெரியுமெண்டா, அது எங்கட குகதாசன் அண்ணைக்குத்தான்."

டாக்டர் அன்று மாலையே குகதாசன் வீட்டுக் கதவைத் தட்டினார். முழுக் கதையையும் கேட்டார், மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. கேட்டு முடித்து, உங்க மாக்டலேனா மாதிரியே எங்களுக்கு ஒண்ணு பண்ணித் தர முடியுமா என்றார். குகதாசன் ஓம் என்று தலையை ஆட்டினார். டாக்டர் போனதும் கனகாம்பிகை மிக்ஸியை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள்.

"இஞ்சருங்கோ, இது விளையாட்டில்லை. அம்பாள் தண்ணிக்குள்ளை போனா ஹை ஸ்ட்ரீட்டிலை நானும் நீங்களும் தலை காட்ட ஏலாது. சொல்லிப்போட்டன்."

அது குகதாசனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மிதந்தால், அவர் ஏழு வருஷமாகச் சொன்னது வெறும் அலட்டல் இல்லை என்றாகும். மூழ்கித் தாண்டால், அம்மனைத் தாட்ட மனிதன் என்ற பெயரைச் சுமந்துகொண்டு மிச்சச் சீவியத்தையும் அந்தத் தெருக்களிலேயே கழிக்க வேண்டும்.

வேலை கிறிஸ்துராஜாவின் கராஜில் நடந்தது. கோயிற்காரியத்தைத் தான் செய்யலாமா என்று அவன் தயங்கியபோது குருமூர்த்திக் குருக்கள் வந்து பார்த்துவிட்டு, வெல்டிங்குக்குச் சமயம் இல்லை, மச்ச மாமிசம் சாப்பிடாமல் செய்தால் போதும் என்றார். ஊறுகாய் இறக்குமதியாகும் நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்களை மூடி இறுக்கிப் படுக்கவைத்து, மேலே இரும்புச் சட்டம், அதற்கு மேல் பலகை. அகலம் கூட, ஆழம் குறைவு, அடி தட்டை. முன் பீரங்கிக் கோபுரம் இருக்க வேண்டிய இடத்தில் அம்மனின் மண்டபம். புகைபோக்கி இருக்க வேண்டிய இடத்தில் குத்துவிளக்கு. குகதாசன் விசுவாசம் மிகுந்து மூக்கில் முட்டுக்கொம்பையும் வைத்துவிட்டார். டாக்டர் வந்து பார்த்து, இது எதுக்கு என்று கேட்டார். இடிக்கிறதுக்கு என்றார் குகதாசன். அம்பாள் கார் பார்க்கில் யாரைப் போய் இடிக்கப் போகிறாள் என்று டாக்டர் கேட்டதில் நியாயம் இருந்தபடியால், கொம்புக்கு மேலே தெர்மக்கோலில் ஒரு கழுத்தைச் செய்து வைத்து அதை அன்னப்பட்சி ஆக்கினார்கள்.

அடுத்து நிறை. வீதியுலா வரும் எழுந்தருளி அம்மன் எவ்வளவு, பீடம் எவ்வளவு, ஏறுகிற ஆட்கள் எவ்வளவு என்று தெரியாமல் கப்பல் கட்ட முடியாது. டாக்டர் நோயாளிகளைப் பார்க்கும் சர்ஜரியில் இருந்த தராசு கோயிலுக்கு வந்தது. குருக்கள் காலைச் சாப்பாட்டுக்கு முன்புதான் ஏறுவேன் என்றார். நாதஸ்வரக்காரர் ஏறினார், தவில்காரர் ஏறினார், தவில் தனியாக ஏறியது. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று குகதாசன் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் மற்றவர்கள் வரத் தொடங்கினார்கள். தெப்பத் திருவிழாச் செலவை ஏற்ற உபயகாரர், தான் அம்மனுக்குப் பக்கத்தில் நிற்பதுதான் முறை என்றார். போன வருஷ உபயகாரர், அப்படியானால் தானும் என்றார். பொருளாளருக்கு மாமனார் ஊரில் இருந்து வந்திருக்கிறார். டாக்டருக்குக் கும்பகோணத்தில் இருந்தே அந்த ஆசை.

குகதாசன் யாருக்கும் மாட்டேன் என்று சொல்லிப் பழகாதவர். பார்ப்பம் என்றார். நம்மவரிடம் பார்ப்பம் என்றால் அது முக்கால்வாசிச் சம்மதம். கணக்குப் பார்த்தால் ஒரு மினி பஸ் நிறைய ஆள் சேர்ந்துவிட்டது. மாக்டலேனாவைக் கெடுத்தது இதுதான் என்று ஏழு வருஷம் சொன்ன வாய், தன் முறை வந்தபோது அதையே செய்ததை எண்ணி அவருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

கடைசியில் குருக்களிடம் போய் விழுந்தார். குருக்கள் பூசை முடிந்ததும் ஒலிபெருக்கியில் ஒரு அறிவித்தல் கொடுத்தார். தெப்பத்தில் ஏறுகிறவர்கள் மூன்று நாள் முழு உபவாசம் இருக்க வேண்டும், தேத்தண்ணியும் ஆகாது. உபயகாரருக்கு அன்று முதல் கால் உளையத் தொடங்கியது. போன வருஷ உபயகாரருக்கு ஷிப்ட் மாற்ற முடியவில்லை. டாக்டர் தனக்குச் சுகர் இருப்பதை எல்லாருக்கும் தானாகவே சொன்னார். குருக்கள் மட்டும் குகதாசனைத் தனியாகக் கூப்பிட்டு, இது தனக்கும் மேளகாரருக்கும் இல்லைத்தானே என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

ஒத்திகையில் தெப்பம் அழகாக மிதந்தது. குருக்கள், மேளம், அம்மன், விளக்கு எல்லாவற்றுக்கும் சமமாக அரிசி மூட்டைகளை ஏற்றியும் தளம் தண்ணீருக்கு மேலே ஒரு சாண் நின்றது. குகதாசன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கிறிஸ்துராஜா சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, அண்ணை, உங்கட மனிசி மாக்டலேனா உயிரோட வந்திட்டா என்றான்.

திருவிழா அன்று வெயில் அடித்தது. லண்டனில் அது ஒன்றே போதும், வெம்பிளியில் இருந்தும் தென் லண்டனில் இருந்தும் கோச் பிடித்து வந்துவிட்டார்கள். குளத்தின் ஒரு பக்கம் கோயிற்சுவர், ஒரு பக்கம் அயலவரின் வேலி, ஒரு பக்கம் கரண்டுக்கு வைத்த ஜெனரேட்டர். ஆகவே சனம் அத்தனையும் மிஞ்சிய ஒரே பக்கத்தில் நெருக்கிக்கொண்டு நின்றது. தெப்பம் சிவப்பும் வெள்ளையும் பூசி, பூமாலையும் மின்விளக்கும் சுற்றி, அன்னக் கழுத்தோடு நின்றது. அம்மன் மண்டபத்தில் ஏறினாள். குருக்கள் ஏறினார், மேளகாரர் ஏறினார்கள். இளைஞர்கள் இரு கரையிலும் கயிற்றைப் பிடித்து மெல்ல இழுத்தார்கள். தெப்பம் மணலில் இருந்து விடுபட்ட தோணியாக அசைந்து நகர்ந்தது. சனம் அரோகரா என்றது.

குகதாசன் பட்டு வேட்டியோடு கரையில் நின்றார். அந்த முதல் சுற்று முடியும்வரை அவரைப்போல் சந்தோஷமான மனிதன் இங்கிலாந்தில் இருந்திருக்க மாட்டான். கண்ணால் நீர் வழிந்தது, அவர் துடைக்கவில்லை. பக்கத்தில் நின்ற டாக்டர் அவர் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

இரண்டாம் சுற்றில் தெப்பம் சனம் நின்ற பக்கம் வந்து சற்றுத் தரித்தது. ஒரு பெண் எட்டி ஒரு தட்டை நீட்டினாள். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு, பூ. அர்ச்சனைத் தட்டு. குருக்கள் வாங்கி, பெயரும் நட்சத்திரமும் கேட்டு, தளத்தின் ஓரத்தில் வைத்தார். அடுத்த தட்டு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது.

குகதாசன் தட்டுகளை எண்ணத் தொடங்கினார். அம்மனைத் தராசில் நிறுத்தார், குருக்களை நிறுத்தார், தவிலைக்கூட விடவில்லை. அர்ச்சனைத் தட்டை மறந்துவிட்டார். மறப்பதற்குக் காரணம் இருந்தது. பிறந்த நாளில் இருந்து அவர் கோயிலுக்கு ஒரு தட்டுக் கொண்டுபோனதில்லை. கலியாணத்துக்கு முன் தாய் கொண்டுபோவாள், பின் கனகாம்பிகை கொண்டுபோவாள். இவர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்று விபூதி வாங்குபவர். அங்கே நின்ற ஆம்பிளைகள் அத்தனை பேரும் அப்படித்தான். சபையில் ஒருவருக்கும் தட்டு நினைவு வராததில் ஆச்சரியம் இல்லை.

தட்டைக் கொடுக்க வேண்டாம் என்று கத்தினார். தவில் அவர் குரலை விழுங்கியது. முன்னால் நின்ற வயதான அம்மாவிடம் கெஞ்சினார். என்ரை ஒரு தட்டுத்தானே தம்பி, இதிலை என்ன வரப்போகுது என்றாள் அவள். ஒவ்வொருத்தியும் கொண்டுவந்தது ஒரு தட்டுத்தான். மூன்றாம் சுற்றில் தேங்காய்கள் ஓரத்தில் மலையாகக் குவிந்திருந்தன. எல்லாம் ஒரே பக்கம். அந்தப் பக்கத்துத் தளம் தண்ணீரைத் தொட இரண்டு விரற்கடைதான் மிச்சம். குருக்கள் அர்ச்சனை மறுத்துப் பழகாதவர். நீட்டிய கை நீட்டியபடி நின்றது.

அப்போது பின்னால் இருந்து தலைகளுக்கு மேலாகக் கை மாறி ஒரு பெரிய தட்டு வந்தது. ஒரு தேங்காய் இல்லை, இரண்டு தேங்காய். ஒரு முழுச் சீப்பு வாழைப்பழம். குருக்கள் இரண்டு கையாலும் வாங்கி வைத்தார்.

தெப்பம் அந்தப் பக்கமாகச் சரிந்தது. கீழே ஒரு பீப்பாய் தரையில் உரசி நெரிந்த சத்தம் கேட்டது. தண்ணீர் பலகைமேல் ஏறி, வாழைப்பழங்கள் மிதந்து போயின. தவில்காரர் வாசிப்பை விடாமல் தூணைக் காலால் கட்டிப் பிடித்தார். அம்மன் மண்டபத்தோடு சனத்தை நோக்கிச் சாய்ந்தாள்.

குகதாசன் யோசிக்கவில்லை. தண்ணீரைக் கண்டால் கண்ணை மூடுகிற மனிதர், பட்டு வேட்டியோடு குளத்துக்குள் இறங்கிக் குந்தித் தளத்துக்குக் கீழே தோளைக் கொடுத்தார். அடுத்ததாகக் கிறிஸ்துராஜா குதித்தான். மூன்றாவதாகச் சுகர் வருத்தக்காரரான டாக்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பிறகு கால் உளைந்த உபயகாரர், ஷிப்ட் மாற்ற முடியாதவர், பொருளாளர், கயிறு பிடித்த இளைஞர்கள் எல்லாரும். சுவாமியைத் தூக்கிக் காவிப் பழகிய தோள்கள் அவை. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மூச்சுப் பிடித்து ஒரே தூக்கு. அம்மன் நிமிர்ந்தாள். தவில் உச்சத்துக்குப் போனது. தோள்வரை நனைந்த ஆம்பிளைகள் தெப்பத்தைத் தோளில் தாங்கிக் குளத்தைச் சுற்றி நடந்தார்கள். பெண்கள் கையைத் தலைக்கு மேல் கூப்பி அழுதார்கள். இப்படி ஒரு தெப்பத் திருவிழாவை எவரும் எங்கும் கண்டதில்லை.

எல்லாம் முன்னேற்பாடு என்றே சனம் நினைத்தது, டாக்டரும் அதைத் திருத்தப் போகவில்லை. டாக்டர் ஈர வேட்டியோடு மேடையேறி, அம்பாளை பக்தர்களே தண்ணியில தாங்கிட்டுப் போற மாதிரி எங்க கும்பகோணத்துலயே கிடையாது, இதை யோசிச்சுச் செஞ்சது நம்ம குகதாசன் என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார். கைதட்டு ஓய நேரமெடுத்தது. அதுவரை அவர் கதையைக் கேட்டு ஓடியவர்கள் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அடுத்த வருஷமும் நீங்கள்தான் என்றார்கள். குகதாசன் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினார். உள்ளே மனிதர் இடிந்துபோயிருந்தார். தெப்பம் சற்றுச் சரிந்தது என்றுதான் தோள் கொடுத்தவர்கள் நினைத்தார்கள், அவருக்கு உண்மை தெரியும். தெப்பம் மிதக்கவில்லை. அவர் வரைந்த கப்பல் இரண்டு அடித் தண்ணீரில் தாண்டுபோனது.

கிறிஸ்துராஜாவின் வானில் வீட்டுக்குப் போனார்கள். அவன் ஓட்ட, குகதாசனும் கனகாம்பிகையும் பின்னால் ரப்பர்ப் படகுகளுக்கு நடுவே இருந்தார்கள். பொன்னாடை அவர் மடியில் சுருண்டு கிடந்தது. கொஞ்சத் தூரம் போனதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"கனகம், அது மிதக்கேல்லை. தாண்டது. ஆக்கள் தூக்கினபடியாத்தான் தெரியேல்லை."

"தெரியும். பார்த்துக்கொண்டுதானே நிண்டனான்," என்றாள் அவள். "ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை."

அந்த ஆறுதல் குகதாசனைத் தொடவில்லை. கணக்கு சரி என்றார். அத்தனை தட்டையும் தாங்கிக்கொண்டுதான் நின்றது, கடைசியாக வந்த அந்த ஒரு தட்டு இல்லாவிட்டால் மூன்றாம் சுற்றும் முடிந்திருக்கும் என்றார். இரண்டு தேங்காய், ஒரு சீப்புப் பழம். எந்த விசர் பிடித்த மனிசி அவ்வளவு பெரிய தட்டைக் கொண்டுவந்தாளோ, அவள் மட்டும் தன் கையில் அகப்பட்டால் என்று தொடங்கி, கோபத்தில் வசனத்தை முடிக்கத் தெரியாமல் நின்றார்.

முன்னால் கிறிஸ்துராஜா ரேடியோவை மெல்ல நிறுத்தினான்.

"அது என்ரை தட்டு," என்றாள் கனகாம்பிகை. அவள் அவரைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்கட பேருக்கு அர்ச்சனை. கப்பல் தாழக் கூடாதெண்டு நேர்ந்தனான். ஒரு தேங்காய் காணாதெண்டு ரெண்டு வைச்சனான்."

வான் இரண்டு சிக்னல் தாண்டியது. வேட்டியில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மிக்ஸிச் சத்தத்துக்குள் ஏழு வருஷம் நின்ற மனிசி, யாருக்கும் தெரியாமல் தன் கப்பலுக்காக நேர்ந்திருக்கிறாள் என்பது அவருக்குள் இறங்க அவ்வளவு நேரம் எடுத்தது. பிறகு மடியில் கிடந்த பொன்னாடையை மடிக்கத் தொடங்கினார்.

"அடுத்த வருசம் உம்மட தட்டையும் கணக்கிலை சேர்க்கிறன்."

"ரெண்டு தேங்காய் எண்டே போடுங்கோ," என்றாள் கனகாம்பிகை.